மே குஸ்தா முச்சோ எஸ்தா காஸா அந்திகுவா

கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ஒரு வீட்டின் வருகையேட்டில் ஸ்பெயின்காரர் ஒருவர் ஸ்பானிஷ் மொழியில் எழுதிய வரி இது. 'எனக்கு இந்தப் பழமையான வீடு ரொம்பப் பிடித்திருக்கிறது' என்று பொருள். இதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்:

அக்கா, 'யோ' என்றால் நான் என்று படித்தேன். இந்த வரியில் யோவையே காணோமே? (மாணவி, காரைக்குடி)

வராதும்மா. இங்கே எழுவாய் வீடுதான். 'மே' என்பது 'எனக்கு'. 'எனக்கு வீடு பிடிக்கும்' என்று நாம் சொல்லும் அதே அமைப்பு. ஆங்கில வழியாகப் படிப்பவர்கள் 'நான் விரும்புகிறேன்' என்று ஆரம்பித்துத் தடுமாறுகிறார்கள். நமக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு? ஒரே வித்தியாசம், நம் 'பிடிக்கும்' ஒரு வீட்டுக்கும் ஒன்பது வீட்டுக்கும் மாறாது. அங்கே பன்மை வந்தால் வினையும் மாறும்: மே குஸ்தான் முச்சோ எஸ்தாஸ் காஸாஸ் அந்திகுவாஸ்.

எல்லாம் மாறும்போது 'முச்சோ' மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது? (தேவகோட்டை)

அது வீட்டைச் சொல்லவில்லை, எவ்வளவு பிடிக்கிறது என்பதைச் சொல்கிறது. வினையடை மாறாது.

வீடு பெண்பாலா?

ஆமாம், காரணம் தேடாதீர்கள். 'லா காஸா' என்று முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். வளவில், அதாவது வீட்டின் உட்பகுதியில், உள்ள முற்றம் 'எல் பாத்தியோ', ஆண்பால். அப்போது 'எஸ்தே பாத்தியோ அந்திகுவோ' என்று வரும்.

'பழமையான' என்னும் 'அந்திகுவா'வை, 'அந்திகுவா காஸா' என்று முன்னால் போட்டால் தப்பா? (பள்ளத்தூர்)

நல்ல கேள்வி. தப்பில்லை, ஆனால் பொருள் நழுவும். 'மி அந்திகுவா காஸா' என்றால் பெரும்பாலும் நான் முன்பு குடியிருந்த வீடு. 'எங்க பழைய வீடு வித்தாச்சு' என்கிறோமே, அந்தப் 'பழைய'. பழமையைப் பாராட்ட வேண்டுமானால் பெயருக்குப் பின்னால் வைப்பதுதான் பத்திரம். 'வியெஹா' என்றும் ஒரு சொல் உண்டு. அதில் இடிந்துபோன வாடை கொஞ்சம் அடிக்கும், ஆத்தங்குடித் தளம் பதித்த வீட்டுக்கு வேண்டாம்.

விருந்தினரிடம் 'உங்களைப் பிடித்திருக்கிறது' என்று 'மே குஸ்தாஸ்' சொல்லலாமா? (விடுதி ஊழியர்)

ஐயோ தம்பி, வேண்டாம்! அது காதல் சொல்வது போல் ஆகிவிடும். 'மே காயெஸ் பியென்' என்பதுதான் நட்பான பேச்சு. வயதில் பெரியவர் என்றால் மரியாதைக்கு 'மே காயே பியென்'.