அவருடைய மீன்பெட்டிகளை நீங்கள் ஏன் எண்ண வேண்டும்?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் முறையான ஒருவர், படகு இயந்திரம் வாங்குவதற்காக எழுத்து எதுவுமின்றி என்னிடம் கடன் பெற்றார். இப்போது அப்படியொரு பணமே வாங்கவில்லை என்று ஊரார் முன்னிலையில் மறுக்கிறார். அவருடைய படகு கரை தட்டும் நேரத்தில் நாள்தோறும் கடற்கரைக்குப் போய், எத்தனை பெட்டி மீன் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் வலை பொத்தப்படாமல் வளவுக்குள் கிடக்கிறது, நித்திரையும் இல்லை. அவரை ஒருநாள் தலைகுனிய வைக்காமல் என் மனம் ஆறாது. எல்லோரும் மறந்துவிடு என்கிறார்கள். எப்படி மறப்பது?
- வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. வாங்கிய பணத்தை இல்லையென்பது வஞ்சகம். அதற்குக் கோபப்படாதவர் யார்? ஆயினும், அவர் வீட்டுக் கணக்கை இவ்வளவு துல்லியமாக அறிந்த நீங்கள், உங்கள் வலையைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். வாடைக்காற்று எழுந்து கடல் குமுறும் முன்னுள்ள அமைதியான மாதங்களே உங்கள் கரையில் உழைப்புக்குரிய காலம். அவர் எடுத்துச் சென்றது பணத்தை மட்டுமே. அந்த மாதங்களை நீங்களாகவே அவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பழிதீர்த்தால் மனம் ஆறும் என்ற நம்பிக்கையை கெவின் கார்ல்ஸ்மித், திமோதி வில்சன், டானியல் கில்பர்ட் ஆகிய உளவியலாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்துப் பார்த்தார்கள். பலர் சேர்ந்து பொதுவில் பணம் போட்டு ஆடும் ஒரு விளையாட்டில், ஒருவர் மற்றவர்களை ஏய்க்கிறார். சிலருக்கு அவரைத் தண்டிக்கும் வாய்ப்புத் தரப்பட்டது, சிலருக்குத் தரப்படவில்லை. தண்டித்தால் மனம் இலேசாகும் என்றே எதிர்பார்க்கப்பட்டிருந்தும், தண்டித்தவர்கள், தண்டிக்க வாய்ப்பில்லாதவர்களைவிட மனம் குன்றியவர்களாகவும், ஏய்த்தவரையே அதிகம் நினைத்துக்கொண்டிருப்பவர்களாகவும் காணப்பட்டார்கள். வாய்ப்புக் கிடைக்காதவர்கள் அதைச் சிறு விடயமாகக் கருதி நகர்ந்துவிட்டார்கள். தண்டித்தவர்களுக்கோ அந்தச் செயலே அதைப் பெரிய விடயமாக்கிவிட்டது. விளையாட்டில் இழந்த சில்லறையும் உங்கள் சீவனோபாயமும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் சில்லறைக்கே இந்த நிலை என்றால், உறவுக்குள் நேர்ந்த துரோகத்தில் அவர் தலைகுனிந்த மறுநாளும் நீங்கள் அதே கரையில்தான் நிற்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நித்திரையின்மைக்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை: வன்மத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும்போதே இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுவதை 2001 இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது.

பழி வேறு, உரிமை வேறு. கடனைக் கேட்பது உங்கள் உரிமை. அதற்கு வழியும் இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கு உங்கள் பிணக்கை எழுதிக் கொடுங்கள். அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. இருவரும் நேரில் அமர்ந்து பேசுவீர்கள். இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழுடன் நீதிமன்றம் செல்லலாம். பணம் கொடுத்ததைக் கண்டவர்கள், வங்கியில் எடுத்த தொகை, அவர் இயந்திரம் வாங்கிய நாள் ஆகியவற்றை இப்போதே எழுதி வையுங்கள். எழுத்தில்லாக் கடனுக்கான வழக்கை 3 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். அதில் இரண்டு ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன.