கண்டி வாவிக்கரை: பிள்ளைகளோடு வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

நான் கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவன். அன்று என் பிள்ளைகளையும் இன்று பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாவியைச் சுற்றி நடப்பவன். ஹோட்டல் விலை, விசா, பணம் மாற்றுவது இதெல்லாம் எனக்குப் பழக்கமில்லாத விஷயங்கள். ஊரைப் பற்றி எதையும் கேளுங்கள்.

கேள்வி (திருச்சி): ஐயா, 6 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கண்டியில் இரண்டு நாள். எங்கிருந்து தொடங்கலாம்?

வாவியில் இருந்துதான். காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். பாடசாலைகள் ஏழரைக்குத் தொடங்கும். அதற்கு முன் வாவியைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனங்கள் நெருக்கியடிக்கும், மறுபடி பகலில் பாடசாலை விடும்போதும் அதே கதைதான். ஆறு மணிக்குத் தண்ணீரின் மேல் பனி படர்ந்திருக்கும். புத்தரின் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகைப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்கும்; சுருக்கமாக அதை மாளிகாவை என்போம்.

சுற்றளவு 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகளோடு வந்தால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர்கள் நிற்பார்கள். நிற்க விடுங்கள். தலதா மாளிகைக்கு முன்னால் வாவியோரமாக ஒரு வெள்ளைச் சுவர் போகிறது. மேகம் அடுக்கினாற்போல் மேலும் கீழுமாக வளைந்திருப்பதால் சிங்களத்தில் 'வலாகுளு பம்ம', மேகச் சுவர் என்பார்கள். அதில் முக்கோண வடிவில் சின்னச் சின்ன மாடங்கள் உண்டு, திருவிழாக் காலத்தில் விளக்கு வைப்பதற்கு. என் பேத்திக்கு நான்கு வயதில் அந்த மாடத்துக்குள் முழங்கை வரை போகும். ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு, உள்ளே ஒரு பூ வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வருவாள். அந்தச் சுவரைக் கடக்கவே எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சுவர் வாவியைச் சுற்றி முழுதாக ஓடவில்லை; கட்டி முடிவதற்குள் அரசு போய்விட்டது. அந்தக் கதை கீழே வரும்.

நீர் உடும்பு கரையேறி வெயில் காயும். ஆறடி நீளத்துக்குக்கூடப் பார்க்கலாம். நெருங்காமல் இருந்தால் அது தன் பாட்டில் போய்விடும். ஆமை, பெரிய பெரிய மீன்கள், நீர்க்காகம், கொக்கு எல்லாம் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மரத்தடியில் நடந்தால் வானம் தெளிவாக இருந்தாலும் குடை பிடியுங்கள். அடைய வரும் பறவைகளின் எச்சம் மழை மாதிரி விழும்.

ஒன்றை இப்போதே சொல்லி வைக்கிறேன். குரங்குக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். கையில் தின்பண்டத்தைத் தெரியும்படி வைத்துக்கொண்டும் நடக்காதீர்கள். என் மூத்த பேரனின் கையிலிருந்த கடலைச் சுருளை ஒரு குரங்கு பறித்தபோது நகம் பட்டுவிட்டது. விசர்நாய்க் கடிக்குப் போடும் அதே தடுப்பூசியைத் தவணை தவணையாகப் போட வேண்டி வந்தது. விடுமுறைக்கு வந்த இடத்தில் உங்கள் பிள்ளைக்கு அது வேண்டாம்.

கேள்வி (சென்னை): ஒரே நாளில் கண்டியும் நுவரெலியாவும் பார்த்துவிட முடியுமா?

முடியாது. சுமார் 75 கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதை. போக மட்டும் இரண்டரை, மூன்று மணி நேரம். பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டே இரண்டு ஊரையும் பார்க்காமல் திரும்புவார்கள்.

கேள்வி (சேலம்): தலதா மாளிகைக்குக் கைக்குழந்தையோடு போகலாமா? என்ன உடை?

தாராளமாகப் போகலாம் தங்கச்சி. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், ஆண்களுக்கும் அப்படித்தான். வெள்ளை உடுத்தினால் நல்லது. செருப்பை வெளியே விட வேண்டும். பகலில் கல் தரை சுடும், குழந்தைக்குக் காலுறை போட்டு விடுங்கள்.

பூசை மூன்று வேளை: காலை 5.30, 9.30, மாலை 6.30. அந்த நேரத்தில் மேல் மாடி அறையின் கதவு திறக்கும். எல்லாரும் வரிசையில் நகர்ந்தபடியே தூரத்தில் பேழையைப் பார்க்கலாம். புனித தந்தம், அதாவது புத்தரின் பல், பேழைக்குள்ளே இருக்கிறது, அதைப் பார்க்க முடியாது. இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாலை வரிசை நீளம், நெருக்கமும் அதிகம். கைக்குழந்தை இருந்தால் வரிசையை விட்டுவிட்டு, கீழே மேளம் அடிக்கிற இடத்தில் நில்லுங்கள். என்னைக் கேட்டால் அங்கே நிற்பதுதான் மேல். வெளியே தட்டில் தாமரையும் நீலோற்பலமும் விற்பார்கள். வாங்கினால் முகர்ந்து பார்க்காதீர்கள், படைக்கும் முன் பூவை முகர்வதில்லை என்பது இங்குள்ள வழக்கம். அப்புறம், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். இங்கே மனதைப் புண்படுத்துகிற செயல் அது.

கேள்வி (பெங்களூரு): நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்குக் கஷ்டமா?

கஷ்டமில்லை, ஆனால் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்: மாசி. காய்ந்த மீன் தூள். தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், சில இடங்களில் மரக்கறி என்று வைக்கிற கறியில்கூட அது இருக்கும். சமைப்பவர்கள் அதை மீன் என்றே நினைப்பதில்லை. ஆகவே 'மீன் இருக்கிறதா' என்று கேட்காமல் 'மாசி போட்டிருக்கிறதா' என்று கேளுங்கள். நகரத்துக்குள் சைவக் கடைகள் இருக்கின்றன, அங்கே இந்தக் கவலை இல்லை. பிள்ளைகளுக்கு எருமைத் தயிரில் கித்துள் பாணி (ஒரு வகைப் பனையின் பாகு) ஊற்றிக் கொடுங்கள், மண்சட்டியோடு காலியாகும். ரம்புட்டான் காலத்தில் வந்தால் தெருவோரம் குவித்து வைத்திருப்பார்கள், கொத்தாக வாங்கி அறையில் வைத்துச் சாப்பிடுங்கள். வெளியே வைத்துச் சாப்பிட்டால் குரங்கு வரும்.

கேள்வி (கோவை): ஒரு நாள் டூர். காலையில் சிகிரியா, மதியம் கண்டி, மாலை நுவரெலியா. சரியா வருமா?

வராது. மேலே சென்னைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி (மலேசியா, ஈப்போ): என் அம்மாவுக்கு முழங்கால் வலி. மகனுக்கு 5 வயது. இருவருக்கும் பிடித்த ஓர் இடம் சொல்லுங்கள்.

பேராதனைத் தாவரவியல் பூங்கா. நகரிலிருந்து மேற்கே 6 கிலோமீட்டர். 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர். மகாவலி ஆறு மூன்று பக்கமும் வளைத்துப் போகிறது. பாதைகள் பெரும்பாலும் மட்டமானவை, அம்மா மெதுவாக நடக்கலாம், குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகலாம்.

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். புல்வெளி நடுவில் ஒரு ஜாவா அத்தி மரம் பந்தல் போலப் படர்ந்து நிற்கிறது. அதன் கீழே துணியை விரித்து அம்மாவை உட்கார வையுங்கள். மகன் வேர் வேராக ஏறி இறங்கட்டும். அப்புறம் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். உயரமான மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கறுப்புப் பை மாதிரி நூற்றுக்கணக்கில் தொங்கும், பகலிலேயே சிறகை விரித்துப் பறக்கும். அரசப் பனை வரிசை, ராட்சத மூங்கில், கடல் தேங்காய், ஓர்க்கிட் வீடு இவையெல்லாம் நேரம் இருந்தால். 1901இல் பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் நட்ட நாகலிங்க மரமும் இருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பூ பிடிக்கும், காட்டுங்கள்.

கேள்வி (மதுரை): வாவி நடுவில் ஒரு தீவு இருக்கிறதே, அது என்ன? வாவியை வெட்டியது எங்கள் மதுரைத் தமிழ் மன்னன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்து வருகிறேன். சரிதானே?

தீவில் அரச குடும்பத்துக்கான மண்டபம் இருந்தது, பின்னால் ஆங்கிலேயர் அதில் வெடிமருந்து வைத்தார்கள். அரண்மனையிலிருந்து அதற்குச் சுரங்கப் பாதை இருந்ததாக ஒரு கதை உண்டு, கதையாகவே சொல்லுங்கள். வயல் நிலமாக இருந்ததை 1807இல் வாவியாக்கியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. 'தமிழ் மன்னன்' என்று ஒரே சொல்லில் அடக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

(நெல்லூரில் வாழும் ஒருவர்): அவர்கள் நாயக்கர்கள், தெலுங்கர்கள். தமிழர் என்பது தவறு.

(மாத்தளை): அவன் சிங்கள மக்களின் கடைசி அரசன், பௌத்தத்தைக் காத்தவன். இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள்.

(மதுரை): கண்ணுசாமி என்பது தெலுங்குப் பெயரா?

இதுவரை இதைப் பற்றியே பதினைந்து பேர் எழுதிவிட்டார்கள். சரி, முழுதாகவே சொல்லிவிடுகிறேன், எனக்கும் இது நெருக்கமான விஷயம்.

1739இல் நரேந்திரசிங்க மன்னன் பட்டத்துக்குரிய வாரிசில்லாமல் இறந்தான். அவன் மனைவி மதுரைப் பக்கமிருந்து வந்தவள். அவளுடைய சகோதரன் அரியணை ஏறினான். அங்கிருந்து 1815 வரை நான்கு நாயக்க மன்னர்கள். பூர்வீகம் தெலுங்கு, தலைமுறைகளாக வாழ்ந்தது தமிழ் மண்ணில், அரண்மனையில் தமிழும் புழங்கியது. ஆண்டது சிங்கள மக்களை. இரண்டாமவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான், 1753இல், சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து இங்கே அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளுக்கான உயர் துறவுச் சடங்கை, மீட்டார்கள். எசல பெரஹரா என்ற ஊர்வலத் திருவிழாவில் இன்று புனிதப் பல்லுக்கான பேழை யானை மேல் போவதும் அவன் காலத்து ஏற்பாடு என்பார்கள். ஆக நீங்கள் மூவரும் சொல்வதில் ஒவ்வொன்றும் உண்மை, மற்ற இரண்டையும் மறுக்கும்போதுதான் பொய்யாகிறது.

வாவி வெட்டிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெறும் அழகுக்கலை மன்னனாகவும் காட்டாதீர்கள். வாவி வெட்டக் கட்டாய வேலை வாங்கினான், பிரதானிகளே எதிர்த்தார்கள். 1814இல் எஹெலேபொல என்ற பிரதானி தப்பியோடியபோது, அவனுடைய மனைவியையும் பிள்ளைகளையும் இதே நகரில் கொன்றான். அண்ணன் பயந்து நிற்க, தம்பி மத்தும பண்டார முன்னால் வந்து நின்றான் என்று இங்கே ஒவ்வொரு சிங்களப் பிள்ளைக்கும் தெரியும். 6 வயதுக் குழந்தைக்கு இது வேண்டாம். 12 வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

மாளிகாவைக்குப் பக்கத்தில் மகுல் மடுவ என்ற மரத்தூண் மண்டபம் இருக்கிறது. 1815 மார்ச் 2இல் அங்கேதான் பிரதானிகள் நாட்டை ஆங்கிலேயரிடம் எழுதிக் கொடுத்தார்கள். தூண்களின் வேலைப்பாட்டை விரலால் தொட்டுப் பார்க்கலாம். சுவர் ஏன் பாதியில் நிற்கிறது என்று உங்கள் பிள்ளை கேட்டால் அங்கே கூட்டிப்போய் நிறுத்துங்கள். மன்னனை 1816இல் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது, 1990இல் தமிழ்நாட்டு அரசு கட்டியது.

இன்னொன்று. மாளிகாவைக்கு எதிரேயே நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் இருக்கின்றன. பத்தினி என்பது நம் கண்ணகிதான். மதுரையிலிருந்து வருகிறவர்கள் அங்கே ஒரு பூ வைக்காமல் போகாதீர்கள்.

கேள்வி (வேலூர்): எங்கள் வீட்டிலிருந்து முத்து மண்டபம் நடக்கிற தூரம்தான். இத்தனை நாள் யாருடையது என்றே தெரியாமல் கடந்து போயிருக்கிறேன். எங்களுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது, எதைப் பார்க்க?

தம்பி, உங்களுக்காகவே இந்த அமர்வு நடந்த மாதிரி இருக்கிறது. காலையில் வாவி, மேகச் சுவர், மகுல் மடுவ. மதியம் ஓய்வு. பின்னேரம் படகு ஓடினால் படகு, இல்லையென்றால் கரையில் உட்கார்ந்து அவித்த கடலை. வேறு எதுவும் சேர்க்காதீர்கள்.

கேள்வி (துபாய்): பின்னவல யானைகள் காப்பகம்? யானைச் சவாரி எங்கே நல்லது?

பின்னவல சுமார் 40 கிலோமீட்டர், 1975இல் தொடங்கியது. யானைக் கூட்டம் மகா ஓயாவில் குளிக்க வருவதைக் கரையிலிருந்து பாருங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். சவாரிக்கு வழி கேட்டு என்னிடம் வராதீர்கள். அந்த முதுகில் இரும்புச் சட்டம் கட்டிய தழும்பைக் கிட்டத்தில் பார்த்தவன் நான்.

கேள்வி (புதுச்சேரி): பெரஹராவுக்குக் குழந்தைகளோடு வரலாமா?

ஜூலை, ஆகஸ்டில் பத்து இரவுகள். கடைசி ஐந்து ரந்தோலி, பெரிய கூட்டம். முதல் ஐந்து 'கும்பல் பெரஹர' (அது சிங்களப் பெயர், கூட்டம் என்று பொருளில்லை), அதற்கு வாருங்கள். யானை குறைவு, ஆனால் பிள்ளை முன்வரிசையில் உட்காரும். சாட்டைச் சத்தத்துக்கு மட்டும் காதைப் பொத்திவிடுங்கள்.

கேள்வி (ஹைதராபாத்): கண்டி, நுவரெலியா, எல்ல ஆகிய மூன்று ஊர்களும் ஒரே நாளில்...

இல்லை. மூன்றாம் முறை சொல்கிறேன், இல்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): உடவத்தக்கலைக் காட்டுக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

மழை பெய்யாத நாளில் போங்கள். மாளிகாவைக்குப் பின்னாலேயே அப்படி ஒரு காடு இருப்பது இந்த ஊரின் பாக்கியம். மழைக்கு மறுநாள் அட்டை ஏறும். காலுறைக்கு வெளியே சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள், உப்பும் கையில் இருக்கட்டும். குரங்கு விஷயம் அங்கேயும் அதேதான்.

கேள்வி (ஈரோடு): ஓட்டோக்காரரே எல்லா இடத்தையும் காட்டுவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பெரும்பாலோர் நல்லவர்கள். ஏறும் முன் விலையைப் பேசுங்கள், 'கடை வேண்டாம்' என்பதையும் அப்போதே சொல்லுங்கள். என் வீட்டுக்கு வந்த உறவினர்களை ஒருவர் பூங்காவுக்கு என்று ஏற்றி, இரத்தினக்கல் கடையிலும் வாசனைத் திரவியத் தோட்டத்திலும் அரைநாள் உட்கார வைத்துவிட்டார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பூங்கா மூடும் நேரம்.

கேள்வி (திருச்சி, முதலில் கேட்டவர்): ஐயா, சின்னவள் கேட்கிறாள்: அந்தச் சுவர் மாடத்தில் அவளும் பூ வைக்கலாமா?

வைக்கலாம் அம்மா. கீழே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி வைக்கச் சொல்லுங்கள். காலையில் அங்கே நிறையக் கிடக்கும்.