வீடு நிறைய விருந்தாளிகள், மூலையில் 14 வயது மணி

தீபாவளி நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்களைப் பற்றித்தான் இருக்கும். இந்த வருஷம் கிழடுதட்டிய நாய்களும் பூனைகளும் கடிதங்களில் நிறைந்திருக்கின்றன. 31 வருஷம் அரசு கால்நடை மருந்தகங்களில் இருந்தேன். அங்கே ஆடு, மாடு, கோழிதான் அதிகம். வயதான நாயைக் கவனிக்கும் பாடத்தில் பாதியை எங்கள் வீட்டுச் சொக்கனிடம்தான் படித்தேன்.

கேள்வி: எங்கள் மணி நாட்டு நாய், வயது 14. மூத்த மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டி. இப்போது ஒரு கண் மங்கல், காது சுத்தமாகக் கேட்பதில்லை. மூன்று மாதமாக ராத்திரியில் ஹாலிலேயே மூத்திரம் போய்விடுகிறது. தீபாவளிக்கு நாத்தனார்கள் இருவரும் குடும்பத்தோடு வருகிறார்கள், சின்னப் பிள்ளைகளோடு சேர்த்து 13 பேர். "நாலு நாளைக்கு எங்கயாவது விட்டுட்டு வா" என்கிறார் என் மாமியார். "மொட்டை மாடி ரூம்ல கட்டிப் போடலாம்" என்கிறார் கணவர். எனக்கு இரண்டுக்குமே மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும் டாக்டரம்மா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் வேண்டாம் தாயி. உங்கள் மனசு சொல்வதுதான் சரி.

என் அக்கா மகள் கல்யாணத்துக்காகச் சொக்கனை ஐந்து நாள் ஒரு நாய் விடுதியில் விட்டேன். அப்போது அவனுக்கு 12 வயது. கூண்டின் அகலம், தண்ணீர், மற்ற நாய்களின் தடுப்பூசிச் சீட்டு என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். திரும்ப அழைத்துவரப் போனபோது கூண்டு மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். நான் வந்தது அவனுக்குக் கேட்கவில்லை. புறங்கையை மூக்குக்கு நேரே நீட்டினேன். முகர்ந்தான், நிறுத்தினான், மறுபடி முகர்ந்தான். அதற்கப்புறம்தான் வால் அசைந்தது. வீட்டுக்கு வந்தும் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விடுதிக்காரர்கள் மேல் தப்பில்லை. கண்ணும் காதும் மங்கிய நாய், வீட்டை மூக்காலும் கால் பழக்கத்தாலும்தான் தெரிந்து வைத்திருக்கிறது. தண்ணீர்ச் சட்டி எங்கே, படி எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் அதன் உடம்பில் இருக்கிறது. இடம் மாறினால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். மாடி அறையும் மணிக்குப் புது இடம்தான். அதோடு வெடிச் சத்தமும் புகையும் அங்கேதான் முதலில் வரும்.

முதல் வேலை, இந்த வாரமே மணியை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மூன்று மாதமாக ஹாலில் மூத்திரம் போகிறது என்றால் "வயசாயிட்டு" என்று விட்டுவிடக் கூடாது. மூத்திரப் பாதையில் கிருமி இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். மூத்திரப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை இரண்டும் எடுத்தால் தெரிந்துவிடும். கிருமி என்றால் மருந்திலேயே சரியாகும். ராத்திரி நோக்கமில்லாமல் நடப்பது, கதவின் கீல் பக்கம் போய் நிற்பது, மூலையில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் விழிப்பது இதெல்லாம் உண்டா என்று கவனித்து அவரிடம் சொல்லுங்கள். மனிதர்களுக்கு வருவது போன்ற மறதி நோய் நாய்களுக்கும் வரும்.

இனி உங்கள் மாமியார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டைல்ஸ் தரையில் ராத்திரி ஈரம் இருந்து, எழுந்து வருகிற பெரியவர் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். பூஜை அறைக்குப் பக்கத்தில் மூத்திர வாடை அடித்தால் அவருக்கு எப்படி இருக்கும்? "அத்தை, ஹால்ல இனி ஈரம் இருக்காது, அது என் பொறுப்பு" என்று முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் மணிக்காகப் பேசினால் பேச்சு சண்டையில்தான் முடியும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டில், நாயே கூடாது என்றிருந்த ஆச்சிதான் கடைசியில் ராத்திரி இரண்டு மணிக்குப் பின்வாசலைத் திறந்து விடுகிறவராக இருந்தார். "நான் எப்படியும் எந்திரிக்கத்தானே செய்யுதேன்" என்று என்னிடம் சொன்னார்.

மணி இப்போது எங்கே படுக்கிறதோ அங்கேயே படுக்கட்டும். ஹாலில் படுக்கிறது என்றால் மட்டும், பின்வாசலுக்குப் பக்கத்தில் இன்றைக்கே புது இடம் பழக்க ஆரம்பியுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் மாற்றினால் பிரயோசனம் இல்லை. கீழே வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன்மேல் பழைய காட்டன் சேலையை நாலைந்து மடிப்பாகப் போடுங்கள். முழங்கை எலும்பு தரையில் அழுந்திப் புண்ணாகாமல் இருக்கும். உங்கள் சேலையையே போடுங்கள், அந்த வாசனை அதற்கு வேண்டும். படுக்கையிலிருந்து கதவு வரைக்கும் சாக்கு விரித்து ஓரத்தை ஒட்டிவிடுங்கள். டைல்ஸில் பின்னங்கால் விரிந்து போய், எழ முடியாமல்தான் பல கிழட்டு நாய்கள் இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடுகின்றன. பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நகம் வளைந்து தரையைத் தொட்டால் வெட்ட வேண்டும். சொக்கன் நடந்தால் மொசைக்கில் டிக் டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நகவெட்டியை எடுப்பேன்.

பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நீங்கள் படுக்கப் போகும்முன் ஒருமுறை வெளியே கூட்டிப் போங்கள். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், அது ஆபத்து.

சின்னப் பிள்ளைகள் வந்து இறங்கியதும், பலகாரத்துக்கு முன்னால் அவர்களை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: தூங்குகிற மணியைத் தொடக் கூடாது. காது கேட்காத நாயைத் திடீரென்று தொட்டால், பயத்தில் திரும்பிக் கடித்துவிடும், அதுவரை ஒருவரையும் கடிக்காத நாயாக இருந்தாலும். தரையை லேசாகத் தட்டினால் அதிர்வில் விழிக்கும். அதன்பிறகு கையை மூக்குக்கு நேரே காட்ட வேண்டும். நாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையை நாய்ப் பக்கம் தனியாக விடவே வேண்டாம்.

வெடி விஷயம். உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவுக்குப் பிறகு நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வைத்தார்கள். ஆனால் எங்கள் தெருவில் நாலரைக்கே முதல் சரம் வெடிக்கும், உங்கள் தெருவிலும் அப்படித்தான் இருக்கும். அதனால் எண்ணெய்க் குளியலுக்கு அடுப்பு மூட்டும்போதே மணியை வெளியே கூட்டிப் போய்வந்துவிடுங்கள், கட்டாயம் கயிற்றோடு. சத்தம் கேட்காவிட்டாலும் தரை அதிர்வதும் கந்தகப் புகையும் தெரியும். ஜன்னலைச் சாத்துங்கள். மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு, தீபாவளிக்குச் சில நாள் முன்னாலேயே ஒரு வேளை கொடுத்துப் பாருங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். சில மருந்துகள் உடம்பை மட்டும் கட்டிப்போடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு 11 வயது, 41 கிலோ. பண்டிகை என்றால் தாத்தா தன் இலையிலிருந்தே எல்லாம் போடுவார், வடை, பாயசம், கறி எலும்பு உட்பட. சொன்னால் "நான் வளர்த்த நாய்க்கு நீ சொல்லித் தரியா" என்கிறார்.
— வாசகர், சிவகாசி

பதில்: தாத்தாவின் கையைத் தடுக்காதீர்கள் தம்பி, கையில் இருப்பதை மாற்றுங்கள். அவித்த முட்டை, அவித்த பூசணி, கேரட், ஒரு இட்லி, இதையெல்லாம் கிண்ணத்தில் போட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். "தாத்தா, இது அதோட பங்கு, நீங்கதான் குடுக்கணும்." அவருக்கு வேண்டியது அந்தக் கொடுக்கல்தான்.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் அவரிடம் காரணத்தோடு சொல்லுங்கள், காரணம் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடையும், குடலைக் கிழிக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் மிதக்கிற உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இத்தனை தின்றால்தான் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது, ஒரு நாய் தாங்கும், இன்னொன்று தாங்காது. திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அது புளியிலும் நிறைய உண்டு, அதனால் புளிக்குழம்புச் சோறும் வேண்டாம். தப்பித் தவறித் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கொண்டு போங்கள்.

41 கிலோ அதிகம். 11 வயது மூட்டுக்கு எடை குறைவதைப் போல மருந்து வேறில்லை.

கேள்வி: எங்கள் பொமரேனியன் பின்னங்கால் வலியால் முனகுகிறது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா தன் மூட்டுவலி மாத்திரையில் பாதி கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: கூடவே கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இரண்டும் நாயின் இரைப்பையில் ரத்தக் கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நான் வேலையில் இருந்த காலத்தில் டைக்ளோஃபெனாக்கை மாடுகளுக்குத் தாராளமாகப் போட்டோம். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் அந்த மருந்தால் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நாங்கள் அறியாமல் போட்ட ஊசிகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கும். ஒரு உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷம் அம்மா. நாய்க்கென்றே மூட்டுவலி மருந்து இருக்கிறது. ரத்தம் பரிசோதித்துவிட்டு மருத்துவர் தருவார்.

கேள்வி: பூனைக்கு 15 வயது. ரொம்பத் தண்ணீர் குடிக்கிறது, இளைத்துவிட்டது. நாலு நாள் ஊருக்குப் போகும்போது கூட எடுத்துப் போகலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: வீட்டிலேயே விடுங்கள், தெரிந்தவர் ஒருவர் தினம் இரண்டு வேளை வந்து பார்க்கட்டும். ஆனால் கிளம்பும்முன் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றுக்கும் பரிசோதனை அவசியம். பார்க்க வருகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போங்கள்: காய்ச்சல் போல இருந்தாலும் பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது, ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். கறுப்பு ஃபினாயில் ஊற்றித் தரை துடைக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ராணிக்கு 13 வயது. மண்ணீரலில் கட்டி, வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, அறுவை சிகிச்சை தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாளாக எழவில்லை, தண்ணீர் மட்டும் நக்குகிறாள். தூங்க வைக்க ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். டொரண்டோவில் இருக்கும் என் மகன் தீபாவளிக்கு வருகிறான், இன்னும் 19 நாள். அவனோடு வளர்ந்தவள். அவன் வரும்வரை எப்படியாவது வைத்திருக்க முடியுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்றே இவருக்குத் தனியாகப் பதில் எழுதினேன். அவர் அனுமதியோடு அதையே இங்கே தருகிறேன்.

அம்மா, வைத்திருக்காதீர்கள். நான் வைத்திருந்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

சொக்கனுக்குச் சிறுநீரகம் நின்றபோது என் தங்கை பெங்களூரில் இருந்தாள். அவனைக் குட்டியாக மடியில் போட்டு வளர்த்தவள். அவள் வரட்டும் என்று எட்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினேன். ஊசி குத்த இடமில்லாமல் நாலு காலிலும் முடியை மழித்தேன். வாயில் புண், நாற்றம். பல நூறு பேரிடம் "போதும்மா, விட்டுடுங்க" என்று சொன்ன எனக்கு, என் நாய் என்றதும் அந்த வார்த்தை வரவில்லை. தங்கை வந்தாள். பார்த்துவிட்டு, "இதுக்காடி வச்சிருந்தே" என்று கேட்டாள். அந்த எட்டு நாளும் எனக்காகத்தான், அவனுக்காக இல்லை.

ராணியின் ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளிறிப் போயிருக்கும். உள்ளே கசிகிற ரத்தம் 19 நாள் காத்திராது. நீங்கள் முடிவெடுக்காவிட்டால் ஒரு நடுராத்திரியில் மூச்சுத் திணறலோடு அது தானாக நடக்கும். அதை உங்கள் மகனும் விரும்ப மாட்டான்.

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பயம் குறையும். மருத்துவரை வீட்டுக்கே வரச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். முதலில் மயக்க ஊசி போடச் சொல்லுங்கள், ராணி தூங்கிவிடுவாள். அடுத்த மருந்து நரம்பில் போகும், இரண்டொரு நிமிஷத்தில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். நின்ற பிறகும் ஒரு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம். அது உயிர் இல்லை, வலியும் இல்லை. இதைப் பக்கத்தில் இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தலையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் புதைப்பதானால் பருத்தித் துணியில் சுற்றி, நாலைந்து அடி ஆழம் தோண்டச் சொல்லுங்கள். அந்த மருந்து உடம்பில் தங்கியிருக்கும், வேறு நாய் தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து.

மகனிடம் மறைக்காதீர்கள். "உன் பரீட்சை, உன் வேலை கெடக்கூடாதுன்னு சொல்லல" என்று பிறகு சொல்வதை அவனால் மன்னிக்க முடியாது. வீடியோவில் அழையுங்கள், போனை ராணியின் மூக்குக்குப் பக்கத்தில் வையுங்கள், அவன் அவளை எப்படிக் கூப்பிடுவானோ அப்படிக் கூப்பிடட்டும். நாளை அவளுக்கு ஊசி போடும்போதும் அவன் கூட இருக்க வேண்டுமா என்று அவனையே கேளுங்கள். இங்கே ராத்திரி ஒன்பது என்றால் டொரண்டோவில் காலை பதினொன்றரை. இன்றைக்கே பேசிவிடுங்கள்.