வாங்கிய சாலைக்கு வாடகையா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பென்சில்வேனியா டர்ன்பைக்கில் போகும்போது முணுமுணுத்துக்கொண்டாவது டோல் கட்டிவிடுகிறோம். ஆனால் இன்டர்ஸ்டேட் 80-இல் டோல் வைக்கப்போவதாகச் சொன்னபோது வட மாவட்டங்களே கொதித்தெழுந்தன என்று இங்கு நெடுநாளாக இருப்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் சாலைதானே? (வாசகர், பிட்ஸ்பர்க்)

பதில்: சாலை என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான், பிறந்த கதைதான் வேறு. டர்ன்பைக் 1940 அக்டோபரில் திறக்கப்பட்ட அன்றே டோல் சாலை. செலவில் ஒரு பங்கு ஃபெடரல் அரசின் மானியம்; மீதியை வரும் கட்டணத்தைக் காட்டிக் கடன்பத்திரம் விற்றுத் திரட்டினார்கள். மாநிலத்தின் வடபகுதியைக் கடக்கும் தேசிய நெடுஞ்சாலையான இன்டர்ஸ்டேட் 80, 1956-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் பிள்ளை. அந்தச் சட்டப்படி செலவில் 90 விழுக்காட்டை வாஷிங்டன் ஏற்றது. அதற்கான பணம் மக்கள் நிரப்பிய ஒவ்வொரு கேலன் எரிபொருளின் மீதான வரியிலிருந்து வந்தது. அப்படிக் கட்டிய சாலையில் தனிக் கட்டணம் கூடாது என்பதே பொது விதி. ஆகவே அதன் வழியிலுள்ள கிளேரியனிலோ புளூம்ஸ்பர்கிலோ இருப்பவர் இந்தச் சாலையைத் தாம் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிவிட்டதாகவே நினைக்கிறார். வாங்கிய வீட்டுக்கு வாடகை கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

கேள்வி: அப்படியானால் அந்தத் திட்டம் எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது? (வாசகர், ஸ்டேட் காலேஜ்)

பதில்: 2007 ஜூலையில் ஆளுநர் எட் ரெண்டெல் கையெழுத்திட்ட 44-ஆம் எண் சட்டத்தில் தொடங்கியது. ஒஹாயோ எல்லையிலிருந்து டெலவேர் ஆற்றுக் கணவாய் வரை சுமார் 311 மைல் நீளமுள்ள இன்டர்ஸ்டேட் 80-ஐ டர்ன்பைக் ஆணையம் 50 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, டோல் வசூலித்து, மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை செலுத்தவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தத் தொகையில் கணிசமான பங்கு பிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க் போன்ற நகரங்களின் பேருந்து, ரயில் சேவைகளுக்குப் போகவிருந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதாகவே வடக்கில் இருப்பவர்கள் இதைப் பார்த்தார்கள். ஜான் பீட்டர்சன், ஃபில் இங்கிலிஷ் ஆகிய அப்பகுதிக் காங்கிரஸ் உறுப்பினர்கள் இருவரும் வாஷிங்டனில் இதை எதிர்த்து நின்றார்கள்.

ஏற்கெனவே இருக்கும் இன்டர்ஸ்டேட்டில் டோல் வைக்க 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருந்தது. மூன்று மாநிலங்களுக்கு மட்டும், சோதனை முறையில், வசூலாகும் பணம் அந்தச் சாலைக்கே செலவாகவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைக்கும். பென்சில்வேனியா கட்டவிருந்த 'குத்தகைத் தொகை' சாலையை நடத்துவதற்கான உண்மையான செலவல்ல என்று சொல்லி, 2008 செப்டம்பரில் புஷ் அரசின் நெடுஞ்சாலை நிர்வாகம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. 2010 ஏப்ரலில் ஒபாமா அரசும் அதையே செய்தது. வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இதில் ஒத்துப்போனதற்குக் காரணம், நிபந்தனையின் வாசகம் அவ்வளவு தெளிவாக இருந்ததுதான்.

கதையின் கசப்பான பகுதி இதற்குப் பின்னால்தான் வருகிறது. சாலை கைக்கு வரவில்லை; செலுத்தவேண்டிய கடமை மட்டும் போகவில்லை. ஆண்டுக்கு 45 கோடி டாலர் கொடுப்பதற்காக டர்ன்பைக் ஆணையம் கடன்மேல் கடன் வாங்கியது. 2009 முதல் ஆண்டுதோறும் கட்டணத்தை உயர்த்தியது. அந்தத் தொகை 5 கோடியாகக் குறைந்தது 2022-இல்தான். வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது. முதல் கேள்வி கேட்ட பிட்ஸ்பர்க் வாசகர் முணுமுணுத்துக்கொண்டு கட்டும் டோலில் ஒரு பங்கு, தாம் ஓட்டாத இன்டர்ஸ்டேட் 80-இல் வராமல் போன டோலுக்கு ஈடு என்பதை அறிந்தால் இன்னும் சற்று உரக்கவே முணுமுணுப்பார்.

கேள்வி: சாலையைப் பயன்படுத்துபவர் பணம் கட்டட்டும் என்பது நியாயம்தானே? எதிர்ப்பவர்கள் எல்லாம் இலவசமாகவே கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. (வாசகர், ஆலன்டவுன்)

பதில்: உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். கேலனுக்கு 18.4 சென்ட் என்ற ஃபெடரல் பெட்ரோல் வரி 1993-க்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை. அதற்குள் தார், இரும்பு, கூலி எல்லாம் ஏறிவிட்டன. கார்கள் குறைந்த எரிபொருளில் அதிகத் தூரம் ஓடுகின்றன. மின்சாரக் கார் வைத்திருப்பவர் இந்த வரியைக் கட்டுவதே இல்லை. நெடுஞ்சாலை நிதி 2008 முதல் பொது வருவாயிலிருந்து அவ்வப்போது பணம் பெற்றுத்தான் காலம் தள்ளுகிறது. 'ஏற்கெனவே வாங்கிவிட்டோம்' என்பது சாலையைப் போட்ட செலவைப் பொறுத்தவரை சரி. அறுபது வயதுப் பாலத்தைப் புதுப்பிக்கும் செலவுக்கு அது பதிலாகாது.

மற்ற பாதியில் எனக்கு உடன்பாடில்லை. பென்சில்வேனியாவில் மாநில எரிபொருள் வரி ஃபெடரல் வரியைப்போல மூன்று மடங்கு. நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. 2013-இல் அந்த வரியை உயர்த்தும் சட்டம் வந்தபோது முணுமுணுப்பு இருந்தது, ஆனாலும் வரி நிலைத்தது. எனவே மக்கள் பணமே தரமாட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை. யாரிடம் வாங்கி எங்கே செலவிடுகிறார்கள் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்கு நேரான பதில் கிடைக்காதபோதுதான் அவர்கள் எதிரிகளாகிறார்கள்.

கேள்வி: 2021-இல் பாலங்களுக்கு மட்டும் டோல் என்றார்களே, அது என்ன ஆயிற்று? (வாசகர், கேம்ப் ஹில்)

பதில்: அது உங்கள் வாசலுக்கே வந்த விவகாரம். ஒன்பது இன்டர்ஸ்டேட் பாலங்களைத் தனியார் கூட்டுடன் புதுப்பித்து, கடக்கும் காருக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர் வாங்குவது திட்டம். ஹாரிஸ்பர்க்கில் சஸ்குவஹானாவைக் கடக்கும் இன்டர்ஸ்டேட் 83-இன் தெற்குப் பாலமும் அதில் ஒன்று. குறைந்தபட்சமாக ஒரு டாலர் என்றே கொள்வோம். காலையில் அலுவலகத்துக்கும் மாலையில் வீட்டுக்கும் அதே பாலத்தைக் கடக்கும் ஒருவருக்கு, 250 வேலைநாளுக்கு 500 டாலர் ஆகிறது. கணவன் மனைவி இருவரும் தனித்தனியே ஓட்டிப் போனால் 1,000. அதை மிச்சம் பிடிக்க நினைப்பவர் சற்று வடக்கே போய் மார்க்கெட் தெருப் பாலத்தில் ஏறுவார். காலை எட்டு மணிக்கு லெமோய்னின் தெருக்களில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று பழகியவர்களுக்கு, அங்கே இன்னும் சில ஆயிரம் கார்கள் திரும்பினால் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. டோல் கட்டாதவர்களும் அதை எதிர்த்ததற்கு இதுவே காரணம்.

கம்பர்லேண்ட் கவுன்டியின் உள்ளாட்சிகள் சில வழக்குத் தொடுத்தன. எந்தெந்தப் பாலம் என்பதைக்கூடச் சொல்லாமல், பாதிக்கப்படுவோரைக் கலந்தாலோசிக்காமல், தனியார் கூட்டுத் திட்டங்களுக்கான மாநில வாரியம் ஒப்புதல் கொடுத்தது சட்டப்படி செல்லாது என்று 2022 ஜூன் 30 அன்று மாநிலத்தின் காமன்வெல்த் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டோல் நியாயமா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை. கேட்டிருந்தால் மக்கள் சம்மதித்திருப்பார்களா என்றால், எனக்குச் சந்தேகம்தான். ஆனால் கேட்கவே இல்லை என்ற குறை எல்லாவற்றையும்விடப் பெரிதாகிவிட்டது.

கேள்வி: ஒருமுறை வந்த டோல் எங்காவது போனதுண்டா? (வாசகர், ஹார்ட்ஃபோர்ட்)

பதில்: உங்கள் கனெக்டிகட்டிலேயே போயிருக்கிறது. 1983 ஜனவரியில் ஸ்ட்ராட்ஃபோர்ட் சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்தக் காத்திருந்த கார்கள்மீது ஒரு லாரி மோதி ஏழு பேர் இறந்தார்கள்; 1985-இல் இன்டர்ஸ்டேட் 95-இன் டோல் எடுக்கப்பட்டது. ஆளுநர் நெட் லமான்ட் லாரிகளுக்கு மட்டும் டோல் என்று 2018-இல் தேர்தலில் சொல்லி, 2019-இல் எல்லா வண்டிகளுக்கும் என்று மாற்றி, எதிர்ப்புக்குப் பின் மறுபடி லாரிகளுக்கே திரும்பி, 2020 பிப்ரவரியில் முழுவதுமாகக் கைவிட்டார். இன்றைய டோலுக்குச் சாவடியே தேவையில்லை. மேலே ஒரு வளைவில் கேமராவும் கருவியும் இருந்தால் போதும், வண்டி நிற்காமல் போகலாம். ஆனாலும் ஸ்ட்ராட்ஃபோர்டை அங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை.