வாசகர் கேள்வி: அச்சம் மட்டும் போதுமா?

கேள்வி: பெருந்தொற்றுக் காலத்தில் எமது கிராமத்து இளைஞர்களை முற்காப்பு எடுக்கத் தூண்டுவது எது? – வாசகர், மூதூர்

பதில்: அச்சம் மட்டும் போதாது. உளவியலாளர் ரொனால்ட் ரோஜர்ஸ் 1975இல் முன்வைத்து 1983இல் விரிவாக்கிய பாதுகாப்பு ஊக்கக் கோட்பாட்டின்படி, நோய் கடுமையானது, அது தம்மையும் தொற்றும் என்று உணர்வதோடு, முற்காப்பு பயன் தரும், அதைத் தம்மால் செய்ய முடியும் என்ற நம்பிக்கையும் ஒருவருக்கு வேண்டும். கொவிட்-19 முதியோரையே அதிகம் பலிகொண்டதால், 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று எண்ணும் இளைஞரிடம் வீட்டிலிருக்கும் அம்மம்மாவைப் பற்றிப் பேசுவதே சுவரொட்டியை விட ஆழமாகச் சேரும் என்பது என் உறுதியான எண்ணம். 'என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கைதான் எம் கடற்கரைகளில் கடினம். கரைவலை இழுப்பவர் நெருங்கி நின்றே உழைக்க வேண்டியிருப்பதால், அவரைக் கடிந்துகொள்ளுமுன் கரையில் நீரும் சவர்க்காரமும் வையுங்கள். காய்ச்சல் கண்டு வராத நாளுக்கும் பங்கு உண்டு என்று வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியைச் சொல்லச் செய்யுங்கள்.