பாரமே தூக்காதவருக்குக் கழுத்து ஏன் வலிக்கிறது?

கோலாலம்பூரின் கிளானா ஜெயா எல்ஆர்டி ரயிலில் ஆபீஸ் போய்வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: நாள் முழுக்க உட்கார்ந்துதானே இருக்கிறேன், மாலையானால் கழுத்தும் தோள்பட்டையும் ஏன் கடுக்கின்றன?

பாரம் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்கள் தலையே ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் அந்த எடையை முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். கைப்பேசிக்காகக் குனியும்போது தலை முன்னால் போய்விடுகிறது. அதைப் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி தாராளமாக நடக்கலாம். அதையே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும். அப்படி மணிக்கணக்கில் இறுகிக் கிடக்கும் தசையின் வலிதான் பெரும்பாலும் இந்த அன்றாடக் கழுத்து வலி.

கைப்பேசியைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். மடிக்கணினிக்கு அடியில் தடித்த புத்தகங்களை அடுக்கி, தனி விசைப்பலகை வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வாங்கும் நாற்காலியைவிட, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதுதான் பெரிது என்பேன். வலி வந்துவிட்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், தோள்களை மெல்லச் சுழற்றுங்கள். தைலம் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

கை மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, விபத்துக்குப் பின் வலித்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம், முதுகு பிடித்துக்கொண்டால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். நாள்கணக்கில் படுத்தால் தசை இன்னும் விறைக்கும், முடிந்த அளவு நடமாடினால்தான் சீக்கிரம் தேறும்.