மதில்மேல் வேலிக்கால்: எங்கே பிடித்தால் நிற்கும்?

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. சுற்றுச்சுவர் 4½ அடி உயரம். 9 அங்குலச் செங்கல் சுவர். எதிர்வீட்டு மாடியிலிருந்து தோட்டம் முழுவதும் தெரிகிறதே என்று, சுவரின்மேல் 6 அடிக்கு ஒன்றாகத் தேக்கு வேலிக்கால்களை நிறுத்தி, 3 அடி உயரத்துக்கு இடைவெளி இல்லாமல் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடைப்பு வைத்தோம். கடைக்காரரே ஆள் அனுப்பி, ஒவ்வொரு காலையும் பேஸ் பிளேட்டில் (அடித்தகட்டில்) வைத்து, நான்கு ஆங்கர் போல்ட்டால் சுவர் உச்சியில் முடுக்கிக் கொடுத்தார். மூன்றாவது மாதமே, ஒரு மழைநாள் காற்றில் ஒரு கால் அடைப்போடு தெருவில் விழுந்துவிட்டது. நல்லவேளை, அப்போது யாரும் நடந்து போகவில்லை. இன்னும் நீளமான போல்ட் போட்டால் நிற்கும் என்கிறார்கள். நிற்குமா?

பதில்: நிற்காது, அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு போல்ட்டில் ஒன்றுகூட வளையவில்லை, மரை தேயவில்லை. பேஸ் பிளேட்டின் அடியில் இரண்டு செங்கற்கள் ஒட்டியபடி, பல்லை வேரோடு பிடுங்கியதுபோலப் பெயர்ந்து வந்திருக்கின்றன. உங்கள் சுவரின் மேல்வரிசைதான் விட்டுக்கொடுத்திருக்கிறது.

செங்கல் சுவரில் மிகவும் பலவீனமான இடம் அதன் உச்சி. கீழே உள்ள கல்லை மேலே உள்ள சுவரின் எடை அழுத்திப் பிடித்திருக்கும். உச்சிக் கல்லின்மேல் எதுவும் இல்லை. 3 கிலோ எடையுள்ள அந்தக் கல்லைச் சிமெண்ட் கலவை மட்டுமே பிடித்திருக்கிறது. போதாததற்கு, சாதாரண ஆங்கர் போல்ட் துளைக்குள் விரிந்துதான் பிடிக்கும். கான்கிரீட்டில் அது நல்லது. செங்கல்லில், அதுவும் ஓரத்துக்கு அருகில், முடுக்கும்போதே உள்ளே விரிசல் கண்டுவிடும்.

காற்றின் கணக்கையும் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 6 அடிக்கு 3 அடி அடைப்பில் அது 80 கிலோ அளவுக்கு வரும். அந்தத் தள்ளல் சுவர் உச்சிக்கு ஒன்றரை அடி மேலே விழுகிறது. அதைத் தடுக்கும் போல்ட்டுகளுக்கு இடையிலோ நான்கு அங்குலம்தான். கடப்பாரையால் கல்லை நெம்புவது போலத்தான் இதுவும். காற்று வரும் பக்கத்துப் போல்ட்டுகளை மேல்நோக்கி இழுக்கும் விசை 300 கிலோவைத் தாண்டிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது சென்னையில் அந்த வேகத்துக்கு மேலேயே காற்று வீசியது. நீளமான போல்ட் போட்டால் இரண்டு கல்லுக்குப் பதில் நான்கு கல் பெயரும், அவ்வளவுதான்.

ஆகவே, காலை உச்சியில் உட்கார வைக்காதீர்கள். சுவரின் உள்பக்கத்தில் ஒட்டி இறக்குங்கள். மேலே 3 அடி வேண்டுமென்றால் கால் ஐந்தரை அடி இருக்கட்டும். இரண்டரை அடி சுவரோடு சேர்ந்து கீழே வரட்டும். மேல் போல்ட் உச்சியிலிருந்து குறைந்தது மூன்று வரிசைக் கல்லுக்குக் கீழே. அடுத்தது அதற்கும் ஒன்றரை அடி கீழே. இரண்டுமே சுவரின் முழுக் கனத்தையும் துளைத்து மறுபக்கம் வர வேண்டும். அங்கே சின்ன வாஷர் போதாது; உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு வைத்து நட்டை முடுக்கச் சொல்லுங்கள். காலுக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட மறக்கக் கூடாது. இடைவெளி இல்லையென்றால் மழைநீர் தங்கி, எந்தத் தேக்கும் உளுத்துப் போகும். பக்கத்து வீட்டாரோடு சுவர் பொது என்றால், துளைபோடும் முன் அவர்கள் சம்மதம் வாங்குங்கள்.

அடைப்பில் ரீப்பருக்கு ரீப்பர் ஒரு விரல் இடைவெளி விட்டால் காற்று ஊடே போகும், சுமை குறையும். மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்கும் தோட்டம் அவ்வளவாகத் தெரியாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் சுவர் 4½ அங்குலச் சுவர் என்றால் மேலே சொன்னதையும் செய்ய வேண்டாம். அந்தச் சுவர் தன்மேல் விழும் காற்றைத் தாங்குவதே பெரும்பாடு. சுவரின் அஸ்திவாரத்தைக் குலைக்காமல் சற்றுத் தள்ளிக் குழி எடுத்து, 2 அடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு, காலைத் தரையிலிருந்தே தனியாக எழுப்புங்கள். சுவரின்மேல் நீளவாக்கில் கம்பி வைத்துக் கான்கிரீட் பெல்ட் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போல்ட் நன்றாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் பெல்ட்டின் கம்பி தூண்களின் கம்பியோடு பிணைந்திருக்காவிட்டால், பெல்ட்டே சுவரின்மேல் சும்மா கிடக்கும் பாரம்தான்.

கேள்வி: கடற்காற்றுக்கு எந்தப் போல்ட், எந்த மரம்?

பதில்: பளபளவென்று மெல்லிய துத்தநாகப் பூச்சோடு வரும் போல்ட் உங்கள் தெருவில் சீக்கிரமே துருப்பிடிக்கும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். 304 ரகமும் பார்வைக்கு அதேபோல இருக்கும், விலையோ குறைவு. ஆகவே வாய்ச்சொல்லை நம்பாமல் போல்ட்டின் தலையைப் பாருங்கள். ‘ஏ4’ என்று பொறித்திருந்தால் 316, ‘ஏ2’ என்றால் 304. மரத்தில் வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். ஓரத்தில் வெளிறிய பட்டையாகத் தெரியும் பகுதி தேக்காகவே இருந்தாலும் கரையானுக்கு இரைதான்.

கேள்வி: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே இருக்கிறது என்கிறார் கடைக்காரர். மீதிக் கால்களைக் கழற்றிவிட்டால் புகாருக்குச் சான்று இல்லாமல் போகுமா?

பதில்: அந்த வரிக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை. மரத்தில் குறை இல்லை என்று அவர் வாதிடலாம். அதனால் உங்கள் புகார், பொருத்திக் கொடுத்த வேலையின் குறைபாட்டைப் பற்றியதாக இருக்கட்டும். பில்லில் பொருத்துகூலி தனியாக எழுதியிருந்தால் அதுவே உங்கள் பலம்.

முதலில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

கால்களை இன்றே கழற்றுங்கள். அடுத்தது விழும்போதும் தெரு காலியாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கழற்றும் முன் ஒவ்வொன்றின் அடியிலும் அளவு டேப்பை வைத்து, போல்ட்டுக்கும் சுவர் ஓரத்துக்கும் உள்ள தூரம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்த காலை மட்டும் யாரையும் தொடவிடாதீர்கள். செங்கல் ஒட்டிய அந்தப் பேஸ் பிளேட்டைக் கழுவாமல், போல்ட்டைப் பிரிக்காமல், அப்படியே சாக்கில் கட்டி வையுங்கள்.